எக்செல் தின்ற பன்னிரண்டு இலக்கம்

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே பொது சேவை மையம். சிட்டா, வில்லங்கம், கரன்ட் பில், பயிர்க் காப்பீடு என்று காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு வரை பிரவுசருக்குள்தான் குடித்தனம். அந்தப் பிரவுசரை மாற்றப் போய் 2023 தீபாவளியில் நான் பட்ட பாடு இது.

கடைக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. (மாற்றலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) அந்த வருடத் தொடக்கத்தில் குரோம் 109-ஆவது பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைகழுவியது. இருப்பதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு வங்கியின் தளம் 'உங்கள் பிரவுசர் பழையது' என்று கதவைச் சாத்திவிட்டது. எட்ஜுக்குப் போகலாம் என்று பார்த்தால் அதுவும் அதே 109-இல் நின்றிருந்தது. 2020-லிருந்து எட்ஜும் குரோமின் அடித்தளமான குரோமியத்தில்தானே ஓடுகிறது. பிரேவ், ஓப்பரா, விவால்டி எல்லாம் அதே வயல், வரப்புதான் வேறு. ஃபயர்ஃபாக்ஸ் தனி எஞ்சின். அதன் 115 ஈ.எஸ்.ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு விண்டோஸ் 7-இலும் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருந்தது. சரி, அதற்கே மாறிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு தீபாவளி, திங்கள் அரசு விடுமுறை. கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். புக்மார்க்குகள் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டன, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பாஸ்வேர்டில்தான் மாட்டினேன். நேரடியாகவே இழுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பழைய பிரவுசரில் முந்நூற்றுச் சொச்சம் பாஸ்வேர்ட் இருந்தது, அதில் பாதி என்னுடையதே இல்லை. கடைக்கு வந்த பிள்ளைகள் தேர்வு விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் என்று உள்ளே நுழைந்தபோது 'சேமிக்கவா' என்று கேட்ட பெட்டியில் யார் யாரோ 'ஆமாம்' தட்டியிருக்கிறார்கள். ஊரான் வீட்டுச் சாவியெல்லாம் என் ஆணியில் தொங்குகிறது. இதைக் களையெடுத்துவிட்டுக் கொண்டுபோவோம் என்று மொத்தத்தையும் சி.எஸ்.வி கோப்பாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) இறக்கி, எக்செலில் திறந்து, வரி வரியாக நீக்கி, சேவ் கொடுத்து, ஃபயர்ஃபாக்ஸில் ஏற்றினேன். போன் ஃபயர்ஃபாக்ஸிலும் அதே கணக்கில் சிங்க் போட்டாயிற்று, இரண்டிலும் ஒரே பட்டியல் இருக்கும். வேலை முடிந்தது என்று மிச்சமிருந்த அதிரசத்தைச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. சம்பா காப்பீட்டுக்கு மறுநாள் 15-ஆம் தேதி கடைசி. மழை வேறு. எட்டரைக்கே பத்துப் பதினைந்து பேர், வி.ஏ.ஓ தரும் பயிர்ச் சான்றான அடங்கலையும் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிப் பிடித்தபடி நிற்கிறார்கள். முதல் ஆள் கோட்டூர் பக்கத்துப் பெரியவர்.

லாகின் பக்கத்தைத் திறந்தேன். என் மைய ஐடி பன்னிரண்டு இலக்கம். அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி, சில எண்கள், நடுவில் ஆங்கில 'ஈ' எழுத்து, பக்கத்தில் பிளஸ் 11 என்று என்னவோ நின்றது. எக்செல் நீளமான எண்ணைக் கண்டால் இப்படிச் சுருக்கிக் காட்டும், சி.எஸ்.வி-யாகச் சேமித்தால் சுருக்கியதையே எழுதிவிடும் என்பது அந்த நிமிடம்தான் மண்டையில் உறைத்தது. பின்னால் இருந்த இலக்கங்கள் போனது போனதுதான்.

ஐடி மனப்பாடமா என்றால் இல்லை. இத்தனை வருடமாகப் பிரவுசர்தானே போட்டது! சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறேன், அதன் மேல் உரக்கடைக் காலண்டர். காலண்டரைத் தூக்கிப் பார்த்து ஐடியைக் கையால் அடித்தேன். பாஸ்வேர்ட் கட்டம் காலியாகவே நின்றது. சேமித்த ஐடியும் அடித்த ஐடியும் ஒன்றாக இருந்தால்தானே அது நிரப்பும்.

"என்ன தம்பி, நெட்டு படுத்துருச்சா?"

"இல்லைங்கய்யா, ரெண்டு நிமிஷம்."

"நானும் ரெண்டு நாளா வி.ஏ.ஓ பின்னாடி அலைஞ்சு அடங்கல் வாங்கியாந்துருக்கேன். நாளைக்கு வான்னு மட்டும் சொல்லிப்புடாத."

நல்ல வேளை, பழைய குரோமை நான் அழித்திருக்கவில்லை. இடம் அடைக்கிறது, தூக்கிவிடுங்கள் மாமா என்று அக்கா பையன் சொல்லியிருந்தான், சோம்பலில் விட்டுவைத்திருந்தேன். திறந்தேன், ஐடியும் பாஸ்வேர்டும் தானாக வந்து உட்கார்ந்தன. அந்தத் தளம் பழைய பதிப்பை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க அதிலேயே ஓட்டினேன். பெரியவரின் ரசீது பிரின்டரிலிருந்து வெளியே வந்தபோது அவரைவிட எனக்குத்தான் மூச்சு வந்தது.

இரவு மறுபடி உட்கார்ந்து பார்த்தால், எக்செல் மேய்ந்தது அது ஒன்றை மட்டும் இல்லை. நம் ஊர் எஸ்.டி.டி கோடான 04367-ஐ வைத்து ஒரு காலத்தில் போட்ட பாஸ்வேர்ட் 4367 என்று தொடங்கியது. முன்னால் நின்ற பூஜ்யத்தையும் முழுங்கியிருக்கிறது.

மொத்தத்தையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவோம் என்று 'எல்லாவற்றையும் அகற்று' தட்டினேன். சிங்க் செய்த எல்லாக் கருவிகளிலிருந்துமா என்று ஒரு பெட்டி கேட்டது. கேட்டதுதான், நான்தான் படிக்கவில்லை. போனில் இருந்ததும் போயிற்று. போனில் மட்டும் சேமித்திருந்த என் சொந்த வங்கி லாகினும் அதோடு சேர்ந்து போயிற்று. சிங்க் என்பது பத்தாயம் இல்லை, கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அந்த லாகினை மீட்கக் கிளைக்கு இரண்டு நடை. முதல் நாள் 'சிஸ்டம் இல்லை', மறுநாள் 'பாஸ்புக் ஒரிஜினல் எங்கே?'

இரண்டாவது முறை எக்செல் பக்கமே போகவில்லை. பழைய குரோமிலிருந்து மறுபடி இறக்கிய கோப்பை நோட்பேடில் திறந்து வேண்டாத வரிகளை நீக்கினேன், அது எந்த எண்ணையும் தொடாது. இன்னொன்றையும் செய்துவைத்தேன். ஃபயர்ஃபாக்ஸ் கணக்கின் பாஸ்வேர்டை மறந்து மாற்றினால், சர்வரில் சிங்க் ஆகியிருக்கும் தரவு அழிந்துவிடும். அவர்களாலேயே திறக்க முடியாதபடி பூட்டி வைப்பதால் அப்படி. அதற்கென்று ஒரு மீட்புச் சாவி தருகிறார்கள். அதைப் பிரின்ட் எடுத்துப் பத்திரங்களோடு பீரோவில் வைத்தேன். பிள்ளைகள் விண்ணப்பம் போட இப்போது பிரைவேட் விண்டோதான். 'சேமிக்கவா' என்ற பேச்சே வருவதில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன் ஹால் டிக்கெட் எடுக்க வந்தான். டவுன்லோட்ஸில் தேடிக்கொண்டே, "அண்ணே, 'குரோம் பாஸ்வேர்ட்ஸ்'னு ஒரு ஃபைல் இருக்கு, உங்களதா?" என்றான். எந்தப் பூட்டும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு, இரண்டு மாதமாகக் கடையில் எல்லோர் கண் எதிரிலும் கிடந்திருக்கிறது. அவன் முன்னாலேயே டெலீட் அடித்தேன்.

"அண்ணே, ரீசைக்கிள் பின்ல இருக்கும்" என்றான்.