ஒரு சொல் மாறினால் மலையே மாறும்

விநாடி வினாவில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி மலையைப் பற்றியது. உலகின் உயரமான சிகரம் எது என்றால் எல்லோரும் எவரெஸ்ட் என்பார்கள். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் சரி, 8,849 மீட்டர். ஆனால் பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் எது? ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ. அதன் உயரம் 6,263 மீட்டர்தான்!

பூமி சரியான உருண்டை இல்லை. தன்னைத்தானே சுற்றுவதால் நடுப்பகுதி புடைத்திருக்கிறது. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு உள்ள தூரம், துருவத்துக்கு உள்ளதைவிடச் சுமார் 21 கி.மீ. அதிகம். சிம்போராசோ நிலநடுக்கோட்டை ஒட்டியே நிற்பதால் எவரெஸ்ட்டை 2 கி.மீ.க்கு மேல் முந்திவிடுகிறது. எவ்வளவு அழகான விஷயம்! அடியிலிருந்து உச்சிவரை அளந்தால் மிக உயரமானது ஹவாயின் மௌனா கியா மலை. அதில் பாதிக்கு மேல் கடலுக்குள் இருக்கிறது.

அதனால்தான் கேள்வியை முழுதாகக் கேட்காமல் பஸ்ஸரை அழுத்துபவர்களைப் பார்த்தால் மனசு பதறும்.

அப்புறம், கேள்வி தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மிகப் பெரிய பாலைவனம்’ என்று மட்டும் கேட்டுவிட்டு, அண்டார்டிகா என்று சொன்னவருக்கு மதிப்பெண் மறுக்காதீர்கள். அவர் சொன்னதுதான் சரி. சஹாரா வேண்டுமென்றால் ‘வெப்பப் பாலைவனம்’ என்று கேளுங்கள்.