தாடைக் கட்டி என்றதும் ஆபரேஷன்தானா?

குழந்தையின் தாடை வீக்கத்துக்கு பயாப்சி செய்து, புற்றுநோய் இல்லை, ஜெயன்ட் செல் கிரானுலோமா என்ற, புற்றுநோய் அல்லாத எலும்புக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தால் பெற்றோருக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். அடுத்த வாக்கியமே "சுரண்டி எடுத்துடலாம்" என்று வரும். பல் மருத்துவத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்குத் தலையாட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்.

முதலாவது ரத்தப் பரிசோதனை. கால்சியமும், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனும் பார்த்தாயிற்றா? அந்தச் சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் எலும்பில் இதே மாதிரி கட்டி வரும், மைக்ரோஸ்கோப்பில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியென்றால் வைத்தியம் சுரப்பிக்குத்தான், தாடைக்கு இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வீங்கியிருந்தால் செருபிசம் என்ற, மரபணுவால் வரும் தாடை வீக்கமாக இருக்கலாம். அது பருவ வயதுக்குப் பிறகு பெரும்பாலும் தானே அடங்கும், பல சமயம் சும்மா கவனித்துக்கொண்டிருந்தாலே போதும்.

இரண்டாவது, சுரண்டாமல் ஊசியிலேயே பார்க்க முடியுமா என்பது. சின்னக் கட்டி என்றால் சுரண்டுவதே சுலபம், அதில் தகராறு இல்லை. பெரிய கட்டி என்றால்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் குழந்தையின் தாடைக்குள் இன்னும் முளைக்காத நிரந்தரப் பற்கள், உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு எல்லாம் இருக்கின்றன, கட்டியோடு சேர்ந்து அவையும் போய்விடலாம். அதற்குப் பதிலாக ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டை மரத்துப்போகும் மருந்தோடு கலந்து கட்டிக்குள்ளேயே போடுவார்கள். வாரம் ஒன்று வீதம் 6 வாரம் என்பது பழைய கணக்கு, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றுவார்கள். மருந்து பிடித்தால் உள்ளே புது எலும்பு உருவாகும், அதனால் போகப் போக ஊசி இறங்கவே அடம்பிடிக்கும். எக்ஸ்ரேயில் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

இந்த ஊசி எல்லோருக்கும் கேட்காது. கால்சிடோனின் என்ற ஹார்மோன் மருந்தை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவோ தோலுக்கடியில் ஊசியாகவோ தருவது இன்னொரு வழி, ரொம்பப் பொறுமை வேண்டும். எலும்பு அரிப்பைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற ஊசி மருந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு அதை நிறுத்திய பிறகு, சில மாதம் கழித்துக்கூட, ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம், அதனால் ஹார்மோன் டாக்டர் கூட இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஊசி தோற்றால் ஆபரேஷன் வழி அடைபட்டுவிடாது. அப்புறமும் செய்யலாம், சில சமயம் கட்டி சுருங்கி இறுகியிருப்பதால் எடுப்பதும் எளிது. ஊசி போட்டுவரும் நாட்களில் வலி வந்தாலோ, வீக்கம் வேகமாக ஏறினாலோ, பல் ஆடினாலோ மட்டும் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள், உடனே போய்க் காட்டிவிடுங்கள்.