மரகதமும் மியா மியா வின்னும் ஒரே ஆள்தான்

நான் பிறந்தது வியாழக்கிழமை. பர்மியர் வழக்கத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் உரிய எழுத்துகள் உண்டு. வியாழனுக்குப் ப, ம வரிசை. வீட்டில் மரகதம் என்று பெயர் வைத்த அப்பா, பள்ளியில் சேர்க்கும்போது மியா மியா வின் என்று எழுதிக்கொடுத்தார். மியா என்றாலும் மரகதம்தான். ரங்கூனில் எங்கள் ஆட்கள் பலருக்கு இப்படி இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, ஆபீஸில் ஒன்று.

போன வருடம் சிங்கப்பூரில் ஒரு கணக்கு வேலைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதில் அந்த அம்மா கேட்டார்: "பழைய முதலாளி கடிதத்தில் மரகதம் என்கிறார். எல்.சி.சி.ஐ. கணக்குத் தேர்வுச் சான்றிதழில் மியா மியா வின். லிங்க்டுஇன் வேலைத் தளத்தில் மியா வின். மூன்றும் நீங்கள்தானா?" விளக்கினேன். அதற்கப்புறம் பதிலே வரவில்லை. பெயர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி என்னை நானே கூகுளில் தேடிப் பார்த்தேன்.

மியா மியா வின் என்ற பெயரில் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். அதில் நான் இல்லை. மரகதம் என்று தேடினால் கோயில் திருவிழாப் படங்கள். 5 சதவீத வணிக வரியைப் பேரேட்டில் எப்படி எழுதுவது, ரசீதை எப்படி அடுக்கி வைப்பது என்று கடைக்காரர்களுக்காக நான் வருடக்கணக்கில் பர்மிய மொழியில் எழுதிய பேஸ்புக் பதிவுகளில் ஒன்றுகூட வரவில்லை. மனசு வலித்தது. அத்தனையும் வேலை முடிந்து வந்து, கண் விழித்து எழுதியவை.

ஒரு காரணம் எழுத்துரு. நான் எழுதியதெல்லாம் ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில். அது, எல்லா மொழிக்கும் பொதுவான கணினி எழுத்துமுறையான யூனிகோடின் இடத்தையே எடுத்துக்கொண்டு வேறு முறையில் எழுத்தைச் சேமிக்கும். நம்ம 'கே'யை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் கொம்பு. பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் கொம்பைத்தான் முதலில் அடிப்போம். பர்மிய எழுத்திலும் இதே போன்ற ஒரு கொம்பு உண்டு. ஸாஜி அதை முன்னால் வைக்கும், யூனிகோடு பின்னால் வைக்கும். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு வேறு சொல். 2019 அக்டோபர் 1 முதல் நாடே அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. நான் போனை மாற்றினேன், பழைய பதிவுகளை மாற்றவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் இணையத்தில் பெரும்பாலான படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். லிங்க்டுஇன்னில் அன்றைக்கு அவசரத்தில் மியா, வின் என்று நிரப்பியிருந்தேன். இப்போது முதல் கட்டத்தில் மியா மியா, இரண்டாவதில் வின், சான்றிதழில் இருக்கிறபடியே. அங்கேயே கூடுதல் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் மரகதம். பேஸ்புக்கிலும் வேறு பெயர் சேர்க்க இடமிருக்கிறது. சான்றிதழ், பாஸ்போர்ட், விண்ணப்பம், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே வரிசை, ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டல். கடிதம் எழுதித் தருகிறவரிடமும் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்டால் எழுதித் தருவார்கள்.

இன்னொன்று. 2014-இல் சிம் கார்டு 1,500 சாட்டுக்கு (சாட் என்பது பர்மியப் பணம்) இறங்கியபோது எங்களில் பலருக்கு இணையம் என்றாலே பேஸ்புக்தான். 2021 பிப்ரவரியில் அதையே இங்கே முடக்கினார்கள். முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் வி.பி.என். இல்லாமல் என் எழுத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. அதனால் எதை எழுதினாலும் ஒரு பிரதி என் கணினியிலும், இன்னொன்று பேஸ்புக்குக்கு வெளியே எனக்கென்று வைத்த பக்கத்திலும் இருக்கும்.

யூனிகோடுக்கு மாற்ற வேண்டிய பழைய பதிவுகள் மொத்தம் 23. மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது, என்றாலும் வரி விஷயத்தில் ஒரு எழுத்து தப்பினால் ஒரு கடைக்காரர் தப்பாகக் கணக்கு எழுதுவார். ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்துத்தான் ஏற்றுகிறேன், கீழே இரண்டு பெயரையும் போட்டு. 19 முடிந்தது. இன்றைக்கு மின்சாரம் இருந்தால் ரசீது பற்றிய பதிவை எடுப்பேன்.