எலியின் விந்துப்பையும் வேலூர் மே மாதமும்

எம்.எஸ்சி. விலங்கியல் ப்ராஜெக்டுக்கு, ஆண் எலியின் இனப்பெருக்கத் துணைச் சுரப்பிகளை எடுத்துக்கொண்டேன். முதலில் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி. எத்தனை எலி, ஏன் அதற்குக் குறைவாக முடியாது என்று 'ஃபார்ம் பி'யில் காரணம் சொல்ல வேண்டும். பொறுமை இருந்தால் நடந்துவிடும்.

அறுப்பதுதான் கஷ்டம். பட்டப்படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை யுஜிசி 2014-ல் நிறுத்தச் சொல்லிவிட்டதால், பி.எஸ்சி.யில் நான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்த்தவள். ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

வயிற்றைத் திறந்தால், சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்து வெள்ளையாகத் தெரிபவை விந்துப்பைகள். வளைவின் உள்பக்கமே ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கண்ணாடி போல் தெரிவது கோயாகுலேட்டிங் சுரப்பி. இதில் ஊறும் டிரான்ஸ்குளுட்டாமினேஸ் நொதி விந்துப்பைப் புரதத்தை இறுகவைக்கும். இணை சேர்ந்தபின் பெண் எலியின் யோனியில் அடைப்பு உருவாவது இதனால்தான். பிரிக்கும்போது கிழிந்து இரண்டின் சுரப்பும் கலந்தால், தட்டிலேயே கெட்டியாகிவிடும். அப்புறம் அந்தத் திசு உதவாது.

பிரித்தே ஆக வேண்டியதற்கு இன்னொரு காரணம் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை. மனிதனில் அது விந்துப்பையிலிருந்து வருகிறது என்றுதான் பாடம். எலியில் அதைப் பெரும்பாலும் தருவது கோயாகுலேட்டிங் சுரப்பி. இரண்டையும் சேர்த்து அரைத்தால் மனிதப் பாடமே எலிக்கும் சரி என்று தோன்றிவிடும்.

திசுவை ஐஸில் வைத்துத்தான் அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் நொதி கெட்டுவிடும். மே மாத வேலூரில் லேப் ஐஸ் மெஷினும் படுத்துவிட்டதால், மீன் மார்க்கெட்டில் வாங்கினேன். "எதுக்கும்மா இவ்வளவு?" என்றார் கடைக்கார அண்ணன். "எலிக்கு" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதியை அளப்பதில் இன்னொரு தொல்லை. குழாய்களை 37 டிகிரியில் அரைமணி வைக்க வேண்டும். குழாய்களை வைக்கும் நீர்த்தொட்டியான வாட்டர் பாத்துக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மத்தியானம் அறையே அந்தச் சூட்டில் இருந்தால் என்ன செய்வது? விடியற்காலையில் போய், சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி மஞ்சள் நிறம் வந்ததும் அது எவ்வளவு அடர்த்தி என்று 405 நானோமீட்டர் ஒளியில் ரீடிங் எடுத்துவிடுவேன்.

ஃப்ரக்டோஸ் இருந்தால் சிவப்பாக்கும் ரிசார்சினால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கியபோது, கோயாகுலேட்டிங் சுரப்பிக் குழாய் நல்ல சிவப்பு. விந்துப்பைக் குழாயில் நிறம் வந்ததா என்று ஜன்னலோரம் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "விந்துப்பையில் ஃப்ரக்டோஸ் ஏனம்மா இவ்வளவு குறைவு?" என்றார். அந்தப் படத்தைக் காட்டினேன். சரி என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.