நூற்றெண்பதாவது கல்லிலிருந்து

முதல் கல்லில் 180 என்று ஜப்பானிய எழுத்தில் பொறித்திருந்தது. நடக்க நடக்க எண் குறையும். ஒன்று வந்தால் கோயா மலையின் நடுக்கோயில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒசாகாவிலிருந்து ரயில் ஏறி, மலையடிவாரத்தில் கேபிள் காருக்கு மாறினால் ஐந்து நிமிடத்தில் மேலே போய்விடலாம். ஆனால் ஒருமுறையாவது நடந்துதான் ஏற வேண்டும் என்று மனதில் இருந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போன வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? நவம்பர் மாதம், காலை ஏழரை மணிக்குக் குதோயாமா ஊரின் ஜிசோன்-இன் கோயிலிலிருந்து கிளம்பினேன். பையில் ஒரு சின்ன மணி. வழியில் கரடி நடமாட்டம் உண்டு என்பதால் அங்கே எல்லோரும் மணி கட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

ஜிசோன்-இன் ஒரு தாயின் கோயில். கோயா மலையில் 816-ல் மடம் அமைக்க அனுமதி பெற்றவர் கூகாய் என்ற பௌத்தத் துறவி. கோபோ தைஷி என்றுதான் மக்கள் அவரைக் கும்பிடுகிறார்கள். அவரைப் பார்க்க வந்த அம்மாவால் மலையேற முடியவில்லை. பெண்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. அந்தத் தடையை அரசு நீக்கியதே 1872-ல்தான். அதனால் அம்மா அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். மகன் மாதம் ஒன்பது முறை இறங்கி வந்து பார்த்தாராம். குதோயாமா என்றால் 'ஒன்பது முறை மலை'. இன்றும் பெண்கள் பிள்ளை வரம் வேண்டியும், சுகப்பிரசவம் வேண்டியும், மார்பக நோய் தீர வேண்டியும் துணியில் செய்த மார்பக உருவங்களைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். நம் ஊரில் கண்மலர் சாத்துவது நினைவுக்கு வந்தது. முட்டி வலியால் படியேற முடியாத என் அம்மாவுக்காக அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஆரம்ப ஏற்றம் முழுக்கச் சீமைப்பனிச்சைத் தோட்டங்கள். அவர்கள் 'காக்கி' என்று சொல்லும் பழம், இலை உதிர்ந்த கிளைகளில் ஆரஞ்சு விளக்குபோலத் தொங்கியது. பாதையோரம் ஆளில்லாத ஒரு கடை: நான்கைந்து பழம் போட்ட பைகள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. நூறு யென் போட்டுவிட்டு ஒரு பை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுமார் 109 மீட்டருக்கு ஒன்று, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். முன்பு மரத்தில் இருந்தவற்றை 1265-ல் தொடங்கி இருபது ஆண்டுகளில் கல்லாக மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஐந்து அடுக்கு. அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, பிறகு முக்கோணச் சாய்வு, அரைநிலா, உச்சியில் மொட்டு. நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் காஞ்சிபுரத்துக்காரன், ஏகாம்பரநாதரின் பிருத்வி லிங்கத்தைப் பார்த்து வளர்ந்தவன். திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளஹஸ்தி, சிதம்பரம் என்று நாம் ஐந்து ஊர்களில் தேடிப்போய் வணங்குவதை அவர்கள் ஒரே கல்லில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நிலத்துக்கான அடுக்கு மட்டும் நீண்ட தூணாக இருக்கிறது. அதில்தான் எண்ணும், கல்லை உபயம் செய்தவர் பெயரும். மேலே, பாசி படிந்த பள்ளங்களில், வடமொழி பீஜ எழுத்துகள். விரலால் பாசியை லேசாகத் தடவிப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

நூற்றிருபதாவது கல் அருகே இரட்டைத் தோரண வாயில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு வயதான தம்பதி தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் பழம் கொடுத்தேன். பெரியவரின் கைத்தடியில் ஏதோ எழுதியிருந்தது. 'தோக்யோ நினின்' என்று வாசித்துக் காட்டினார். சேர்ந்து நடப்பவர் இருவர் என்று பொருள். தனியாக நடந்தாலும் தைஷி கூட வருகிறார் என்பது நம்பிக்கை. அந்தத் தடியைத் தைஷியாகவே நினைத்து, தங்குமிடம் போனதும் முதலில் அதன் அடியைக் கழுவித் துடைத்து வைப்பார்களாம்.

நடுவழி பெரும்பாலும் தேவதாரு நிழல்தான். கடைசி ஏற்றம் கடுமை. மூன்றரை மணிக்கு, 25 மீட்டர் உயரச் செந்நிற தைமோன் வாயில் எதிரே எழுந்து நின்றபோது கால் வலி மறந்துபோனது.

இரவு ஒரு மடத்தில் தங்கினேன். அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் யாத்திரிகர்களுக்கு இடம் கொடுக்கின்றன. பாய் விரித்த அறை, அரக்குத் தட்டில் சாப்பாடு. அசைவம் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. நம் விரதச் சமையல் மாதிரியேதான். எள்ளை அரைத்து, 'குட்ஸு' என்ற கொடியின் கிழங்கு மாவு சேர்த்துக் கிண்டிய 'கோமா தோஃபு' வாயில் வைத்ததும் கரைந்தது.

காலை ஆறு மணிக்கு ஹோமம். அவர்களும் 'கோமா' என்றுதான் சொல்கிறார்கள். நம் சொல் சீனா வழியாகப் போய் அப்படி ஆகியிருக்கிறது. வேண்டுதல் எழுதிய குச்சிகளைத் துறவி ஒவ்வொன்றாகத் தீயில் இட்டார். முரசு அதிர அதிரச் சுடர் உயர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டால் ஊரில் இருப்பதுபோலவே இருந்தது.

அப்புறம் நடுக்கோயிலான கொன்போன் தைதோவுக்குப் போனேன். 48.5 மீட்டர் உயரக் கோபுரம். உள்ளே நடுவில் தைனிச்சி, அதாவது மகா வைரோசன புத்தர். மூலைச் சுவர்களில் அந்த பௌத்த மரபின் எட்டு குருமார்களின் ஓவியங்கள். அவர்களில் வஜ்ரபோதியைப் பார்க்கத்தான் நான் முக்கியமாக வந்தேன். காஞ்சியில் மழை பொய்த்தபோது பல்லவ மன்னனுக்காக மழை வேண்டிப் பூஜை செய்தவர் என்று அவர் சரித்திரம் சொல்கிறது. இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியே கடலில் போய் 720 வாக்கில் சீனாவை அடைந்தார். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ, அவரிடம் படித்தவர்தான் கூகாய். எங்கள் ஊர்த் தெருக்களில் நடந்தவர் இந்தக் குளிர் மலையில் குருவாக வீற்றிருக்கிறார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்க வேண்டும்போல இருந்தது. கூட்டம் இருந்ததால் கைகூப்பி நின்றேன்.

தைஷியின் சமாதி இருக்கும் ஓகுனோ-இன் போக, வானுயர்ந்த தேவதாருக்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இருபக்கமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். கடைசிப் பாலத்துக்கு அப்பால் தொப்பியைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக் கூடாது. அங்கேதான் தைஷி இருக்கிறார். 835-ல் அவர் இறந்துவிட்டார் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தியானத்தில் அமர்ந்தார் என்கிறார்கள். ஜீவ சமாதி என்றால் நமக்கு உடனே புரியும். அதனால் தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது.

பத்தரைக்கு, காவி உடுத்த இரண்டு துறவிகள் மரப்பெட்டியைத் தூக்கி வர, முன்னால் ஒருவர் நடந்தார். சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பதாக நம்பப்படும் ஜிசோ என்ற போதிசத்துவரின் சின்னச் சந்நிதியில் நின்றார்கள். பிறகு பாலம் தாண்டி விளக்கு மண்டபத்துக்குள் போனார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி, "நமு தைஷி ஹென்ஜோ கொங்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நானும் சொன்னேன்.

திரும்பிப் பாலம் கடந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் அப்போது ஏழு மணி தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"தினமுமா போகுது? ஆயிரத்து இருநூறு வருஷமாவா?"

"ஆமாம்மா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "இன்னைக்கு அவருக்கு என்னப்பா சமைச்சிருந்தாங்க?"

"பெட்டி மூடியிருந்தது அம்மா."