எந்த இடமென்று விரல் வைத்துச் சொல்லுங்கள்

திருகோணமலையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் படவரைஞராக வேலை செய்கிறேன். 11 வருடமாகிறது. ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் ஒரு வீட்டுப் பிளானைக் கதவு, யன்னல் அளவுகளோடு ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு வரை, பென்சிலால் ஒரு கதிரையைக் கூட நேராக நிற்கிற மாதிரிக் கீற வராது.

உவர்மலையிலிருந்து ஓர் அம்மா வரும்வரை அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்பிக் கட்டுகிற வீடு. 1:100 அளவில் எடுத்த பிளானை மேசையில் விரித்து, இது சாமியறை, இது குசினி என்று காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "பிள்ளை, இந்தக் கோடெல்லாம் எனக்கு விளங்காது. விறாந்தையில கதிரையைப் போட்டு இருந்தா என்ன தெரியும்? அதைக் கீறிக் காட்டுங்கோவன்" என்றார். பிளானின் ஓரத்திலேயே கீறத் தொடங்கினேன். தூண்கள் சரிந்தன. கூரை முன்னால் வந்து விழுவதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி பிள்ளை, நீங்க செய்தாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துகொண்டார்.

அடுத்த நாளே பழகத் தொடங்கினேன். அலுவலகத்துக்கு 20 நிமிடம் முன்னதாகப் போய், கணினியைப் போடாமல், பழைய பிளான் தாள்களின் பின்பக்கத்தில் கீறுவேன். தேநீர்க் கோப்பை, செருப்பு, ஓடு, எதிர்க் கடையின் படிக்கட்டு. ஒவ்வொரு தாளின் மூலையிலும் திகதி போடுவேன். ஆறு மாதத்தில் கோடு நடுங்குவது நின்றது. எச்பி, 2பி, 4பி என்று எந்தப் பென்சில் எதற்கு என்பதும் பிடிபட்டது. ஆனால் தாள்களைத் திகதி வாரியாகத் தரையில் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எல்லாப் படத்திலும் வலப்பக்கம் போகப் போக எல்லாம் சிறுத்துக்கொண்டே போயின. ஆறு மாதமாக அந்தப் பிழையையும் சேர்த்தே பழகியிருக்கிறேன். ஏன் அப்படி ஆகிறது என்று எவ்வளவு பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வரையத் தொடங்கினோம். அலுவலகத்தில் எனக்குப் பின் சேர்ந்த ஒரு தம்பி, விளம்பரப் பலகை எழுதும் ஓர் அண்ணர், கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வரும் சித்திர டீச்சர், நான். முதல் இரண்டு கிழமையும் ஒருவருக்கொருவர் "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, வடை வாங்கிச் சாப்பிட்டுக் கலைந்தோம். மூன்றாம் கிழமை டீச்சர் ஒரு விதி போட்டார். "நல்லாயிருக்கு" என்ற சொல் கூடாது. "சரியில்லை" என்பதும் கூடாது. தாளில் எந்த இடமென்று விரல் வைத்துச் சொல்ல வேண்டும். வரைந்தவர் பதில் பேசாமல் கேட்க வேண்டும். அந்த ஒரு விதிக்காக அவருக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது.

என் பிழையைத் தம்பிதான் பிடித்தான். அவன் என் தாளைப் பார்க்கவில்லை, நான் வரைவதைப் பார்த்தான். "அக்கா, நீங்க அளக்கேக்க முழங்கை மடியுது" என்றான். தூரத்தில் நிற்கும் பொருளின் உயரத்தைப் பென்சிலில் பிடித்து அளக்கும்போது ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டிப் பிடிக்க வேண்டும். நீட்டிய கை எப்போதும் ஒரே தூரத்தில் நிற்பதால்தான் அந்த அளவை நம்பலாம். நான் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவேன். நேரம் போகக் கை சோர்ந்து, முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக மடியும். பென்சில் கண்ணுக்குக் கிட்ட வந்துவிட்டால் அதே தூண் பென்சிலில் குறைவான நீளத்தையே காட்டும். ஆறு மாதமாக என்னைச் சுற்றவைத்த பிழைக்கு இவ்வளவுதான் காரணம். என் முழங்கை மடிவதை நான் எப்படிப் பார்ப்பேன்? கண் முழுக்கப் பென்சில் நுனியிலல்லவா இருந்தது!

பேர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் முறை, படிக்க நம்மூரைப் போல வசதியான இடம் குறைவு என்று நினைக்கிறேன். காரணம் கடல். தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் இருக்கும். நிலத்துக்குள் இருக்கும் ஊர்களில் அதைக் கட்டடங்களும் மரங்களும் மறைத்துவிடும். மனதால்தான் கற்பனை செய்ய வேண்டும். இங்கே அது அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் கண் முன்னே கிடக்கிறது. ஒரு ஞாயிறு டச்சுக் குடாக் கடற்கரையில் மணலில் இருந்து வரைந்தோம். கரைக்குக் கிட்ட நின்ற வள்ளத்தின் அணியம், அதன் முன்முனை, தொடுவானத்தை வெட்டிக்கொண்டு மேலே நின்றது. பிறகு கோணேசர் கோயிலடிக்கு ஏறிப் போய், அதே கடலை மேலிருந்து வரைந்தோம். தொடுவானமும் எங்களோடு சேர்ந்து மேலே வந்திருந்தது. வள்ளங்கள் எல்லாம் முழுதாக அதற்குக் கீழே கிடந்தன. சூத்திரமாக எத்தனையோ தரம் வாசித்த விஷயம். ஒரே நாளில் இரண்டு தாளிலும் கையால் கீறியபோதுதான் விளங்கியது.

அன்று வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாவின் பிளானை எடுத்துப் பார்த்தேன். வீடு அதற்குள் கட்டி முடிந்துவிட்டது. விறாந்தைத் தரை நிலத்திலிருந்து ஒன்றரை அடி. கதிரையில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நாலு அடி. மொத்தம் ஐந்தரை. முன்மதில் ஆறு அடி. அரை அடி வித்தியாசம். அந்த விறாந்தையில் இருந்தால் எதிரே இருக்கும் உள்துறைமுகத்தின் தண்ணீர் ஒரு துளியும் தெரியாது, மதில்தான் தெரியும். அன்று கண்மட்டம் அறிந்து நாலு கோடு கீறத் தெரிந்திருந்தால் அந்தத் தாளிலேயே அது தெரிந்திருக்கும். மதிலை ஓரடி குறைத்திருக்கலாம், அல்லது ஓர் இடத்தில் இடைவெளி விட்டிருக்கலாம். அது இன்றும் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது எந்த வீட்டுப் பிளானையும் அச்செடுக்க முன், விறாந்தையில் இருப்பவர் பார்க்கும் காட்சியைப் பென்சிலால் கீறி வீட்டுக்காரர் கையில் கொடுக்கிறேன்.

படிப்பும் கூடவே நடந்தது.  கிண்ணியாப் பாலத்தின் தூண்கள் தூரம் போகப் போக எப்படி நெருங்குகின்றன என்பதை நான் கண்மதிப்பில் போட்டுச் சொதப்புவேன். பலகை எழுதும் அண்ணர் ஒரு வழி சொல்லித்தந்தார். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தூண்களின் அடிகளைச் சேர்க்கும் கோட்டைத் தொடுகிற இடத்தில் மூன்றாம் தூண் நிற்கும். பெரிய எழுத்துகளைச் சுவரில் சரிந்து போகிற மாதிரி எழுத அவர் இதைத்தான் பயன்படுத்துகிறாராம்.

இலங்கையின் பேர்போன கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலக வரைபடங்களையும் பார்த்துப் பார்த்துக் கீறினேன். லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்றவர்கள் அங்கே வரைந்த பிளான்களில் காணியில் நின்ற மரங்களுக்கும் சுவருக்குக் கொடுத்த அதே கவனம் கிடைத்திருக்கிறது. நாங்கள் கணினியில் ஒரே வட்டத்தை எல்லா மரத்துக்கும் ஒட்டிவிடுகிறோம். அவற்றைப் பார்த்த பிறகு எனக்கு அது மனதுக்கு ஒவ்வவில்லை. வேம்பு வேம்பாகவும் பனை பனையாகவும் தெரிய வேண்டும் என்று முயன்றேன். டீச்சர் என் தாளில் விரல் வைத்து, "தங்கச்சி, இது என்ன மரம்?" என்று கேட்பார். பதில் பேசக் கூடாது என்பது விதி. அவரே மரத்தின் பேரைச் சரியாகச் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது.

போன ஞாயிறு பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்களை வரைந்தோம். மான் நிற்கவே நிற்காது. அரை நிமிடத்தில் உடம்பின் வளைவைப் பிடித்துவிட வேண்டும், மிச்சத்தை அடுத்த மானிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். என் தாளில் தம்பி பின்னங்காலில் விரல் வைத்தான். "அக்கா, முழங்கால் பின்னால மடியுது." வீட்டுக்கு வந்து எலும்புப் படமொன்றைத் தேடிப் பார்த்தேன். பின்னால் மடிவது முழங்காலே இல்லை, அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றோடு ஒட்டி இருக்கிறது, முன்னால்தான் மடிகிறது. நான் அதை விட்டுவிட்டுக் கணுக்காலை மிக உயரத்தில் போட்டிருந்தேன். இந்தக் கிழமை முழுக்கக் காலையில் அந்த 20 நிமிடமும் பக்கத்து வீட்டு ஆட்டின் பின்னங்காலுக்குத்தான். ஆடு மானைவிடப் பொறுமையாக நிற்கிறது.