கேம்பர தாராளமா குடு, டோவ கஞ்சத்தனமா குடு

ஆட்டோகிராஸ், அதாவது கோன் வெச்ச டிராக்ல நேரம் பாத்து ஓட்டற போட்டி, அதுல ஓட்டப் போறேன், வீல் அலைன்மென்ட் நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணான்னு அடிக்கடி தம்பிங்க கேக்கறாங்க. கேம்பர்னா முன்னாடி நின்னு பாத்தா வீல் சாஞ்சிருக்கற கோணம், மேல்பக்கம் உள்ள சாஞ்சா நெகட்டிவ். டோன்னா மேல இருந்து பாத்தா வீலோட முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கறது, வெளிய திரும்புனா டோ அவுட். நம்பர்ல ஒண்ணும் ரகசியம் இல்லப்பா, ஆனா ஞாயித்துக்கெழம கோன் சுத்துற அதே வண்டிலதான் திங்கக்கெழம கிருஷ்ணகிரில இருந்து ஓசூருக்கு வேலைக்கும் போகணும், அத வெச்சுதான் எல்லாமே.

என் வண்டி ஸ்விஃப்ட். முன்னாடி ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேந்த கம்பம், பின்னாடி டார்ஷன் பீம், ரெண்டு பின் வீலயும் சேக்கற ஒத்த தண்டு. மியாட்டா மாதிரி நெஜ ஸ்போர்ட்ஸ் காருக்கு நாலு வீல்லயும் கேம்பர் திருப்ப கம்பெனியே போல்ட் வெச்சு அனுப்பிடறான், நமக்கு அந்த குடுப்பின இல்ல, டோ மட்டும்தான், அதுவும் முன்னாடி மட்டும்.

கோன் சுத்தும்போது பாடி வெளிப்பக்கமா சாயுது, வெளிப்பக்க டயரும் கூடவே சாஞ்சு அதோட ஓரத்துல நிக்குது, ஸ்ட்ரட் வண்டில இத சஸ்பென்ஷன் தானா சரி பண்ணிக்காது, அதனால நிக்கும்போதே நெகட்டிவ் கேம்பர் வெச்சுடணும். கம்பெனி அளவுல சீரோ பக்கத்துலதான் இருக்கும். ஸ்ட்ரட்டும் வீல தாங்கற நக்கிளும் சேர்ற எடத்துல கேம்பர் போல்ட் போட்டா ஒரு டிகிரிக்கு மேல கெடைக்கும், ரெண்டரை மூணு வேணும்னா ஸ்ட்ரட்டோட மேல் முனைய நகத்தற கேம்பர் பிளேட்டுதான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும், இல்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். போதுமா போதலயான்னு சாக்பீஸே சொல்லிடும், டயர் ஓரத்துல முக்கோணக் குறி இருக்குல்ல, அது மேல கோடு போட்டு ஒரு ரன் ஓட்டுங்க, குறியத் தாண்டி கோடு அழிஞ்சிருந்தா மொதல்ல காத்து ஏத்தி பாருங்க, அப்பவும் அழிஞ்சா கேம்பர் பத்தல.

டயர் போயிடும்னு எல்லாரும் கேம்பருக்கு பயப்படறாங்க, நெஜமா டயர திங்கறது டோதான். ரெண்டு டிகிரி கேம்பரோட டோ சீரோல இருந்தா உள்பக்கம் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்ளோதான். அதே கேம்பரோட டோ அவுட்டும் சேந்துச்சுன்னா டெய்லி ஹைவே ஓட்டத்துல உள்பக்கம் சீவுன மாதிரி ஆயிடும், கைய வெச்சு குறுக்க தடவுனா ஒரு பக்கம் வழவழன்னும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லு மாதிரியும் தட்டுப்படும். கொஞ்சம் டோ அவுட் குடுத்தா வண்டி சட்டுனு திரும்பும், அது உண்மதான், ஆனா லாரி போயி பள்ளம் விழுந்த ரோட்டுல ஸ்டியரிங் அலையும். அதனால என்னக் கேட்டா முன்னாடி டோ சீரோ, ஆச ரொம்ப இருந்தா மொத்தமா ஒரு மில்லிமீட்டர் அவுட், அதுக்கு மேல வேணாம். கேம்பர மாத்துனா டோவும் கூடவே மாறும், அதனால டோ எப்பவும் கடைசில.

நம்ம நம்பரத்தான் வெக்கணும்னு அலைன்மென்ட் கடைல சொல்லி வெச்சுடுங்க. ராயக்கோட்டை ரோடோ தர்மபுரியோ, எங்க போனாலும் கம்பெனி அளவ தாண்டி ஸ்கிரீன்ல செவப்பு வந்தா பையன் பதறிப்போயி பச்சைக்கு கொண்டாரத்தான் பாப்பான். டிரைவர் சீட்டுல நம்ம வெயிட்டுக்கு இருவத்தஞ்சு கிலோ அரிசி மூட்ட ரெண்டு மூணு வெச்சுட்டு அளக்கச் சொல்லுங்க, சிரிப்பான், சிரிக்கட்டும். பிரின்ட் மறக்காம வாங்கிக்கோங்க.

பின்னாடி ஷிம்முங்கற மெல்லிசு தகடு போடாம ஒண்ணும் திருப்ப முடியாது, அதனால கோன்ல வண்டியோட வால் பக்கம் சீக்கிரம் சுத்தறதுக்கு நாங்க பின் டயர்ல காத்து ஏத்திதான் ஓட்டுவோம். அந்த காத்த எறக்காம மட்டும் மழைல தொப்பூர் மலப்பாதைல எறங்கிடாதீங்க சாமி.